முந்நூற்று நாற்பது கதவுகள்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்த இரண்டாம் மாதத்தில் யார்தான் நலமாக இருப்பார்கள்? உன் மகன் போனில் எல்லாவற்றையும் சொன்னான். "அம்மா கட்டில விட்டே எறங்க மாட்டேங்கிறாங்க மாமா. டாக்டர் நடக்கச் சொல்லி மூணு வாரம் ஆச்சு. இவங்க செவுத்தப் பாத்துப் படுத்திருக்காங்க" என்று அழாத குறைதான்.

உன்னிடம் போனில் பேசலாம் என்றால் உன் காது மிஷின் போனைக் கண்டாலே ஊளையிடுகிறது. அதனால் நம் பழைய தொழிலுக்கே வந்துவிட்டேன். நீ முப்பத்தொரு வருடம் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள், நான் முப்பத்து நான்கு வருடம் அவற்றை வீடு வீடாகக் கொடுத்தவன். நமக்குள் ஒரு கடிதம் போய் எத்தனை வருடம் ஆகிறது, பார்த்தாயா?

என்னைப் பார், அக்கா. எழுபது முடிந்துவிட்டது. வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகியும் காலை ஆறரைக்கு வெறும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் தபால் கொடுத்த பழைய பீட்டை ஒரு சுற்று வந்துவிடுகிறேன். மொத்தம் முந்நூற்று நாற்பது கதவுகள். மற்றவர்கள் கிலோமீட்டர் எண்ணட்டும், நமக்குக் கதவுதான் கணக்கு. இன்று இருநூற்றுப் பத்து. இதை எழுதி முடித்ததும் பாலத்தைத் தாண்டிப் போய்த் தலைமைத் தபால் நிலையத்தில் என் கையாலேயே போடப் போகிறேன்.

வயது என்பது மனசு கொடுக்கிற இடம்தான். நீ முதலில் உன் அறைக் கதவு வரை வா. அது ஒன்று. சமையலறைக் கதவு இரண்டு. இரண்டு கதவுக்கு மேல் நான் கேட்கவில்லை.

உன் தம்பி

பிப்ரவரி 16

தம்பி,

உபதேசம் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் மாடிப்படி இறங்க என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் எனக்கு நடக்கச் சொல்லித்தருகிறான். படித்ததும் உன் காதைத் திருக வேண்டும்போல் வந்த கோபத்தில்தான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த வகையில் உன் கடிதம் வேலை செய்தது.

அறைக் கதவு, சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு. மூன்று. மருமகள் என்னைச் சமையலறையில் பார்த்துக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் வாசல் கதவு. போன திங்களன்று தெரு முனைக் கூடத்துக்கே போய்விட்டேன். அங்கே வாரம் மூன்று நாள் வயதானவர்களுக்கு உடற்பயிற்சி நடக்கிறது. பதினோரு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கையை மேலே தூக்குகிறோம், கீழே போடுகிறோம். பார்க்க ஏதோ கொள்ளைக்காரனிடம் மாட்டிக்கொண்ட கும்பல் மாதிரி இருக்கும்.

அவர்களிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். தையல்காரர் ஒருவர் இருக்கிறார், எழுபத்தாறு வயது, எதற்கும் சிரிக்காதவர். அவர், "இன்னொரு தடவ படிங்கம்மா, அந்தக் கதவு எடத்த" என்றார். இப்போது எல்லோரும் கதவுக் கணக்குதான். "இன்னைக்கு எத்தன கதவு?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள்.

எழுது. ஆனால் மனசு கொடுக்கிற இடம் என்றெல்லாம் எழுதாதே. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் படித்தமாதிரி இருக்கிறது.

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

உன் பதினோரு பேருக்கும் என் வணக்கம். கடிதத்தைச் சபையில் படிப்பாய் என்று தெரிந்திருந்தால் கையெழுத்தையாவது ஒழுங்காக வைத்திருப்பேன்.

நேற்று இருநூற்று அறுபது கதவுகள். பாலத்தின் மேல் நல்ல காற்று. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்ன போஸ்ட்மேன், எனக்கு இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். பத்து வருடமாக இதே கேள்வி, நானும் பத்து வருடமாகப் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறேன். அடுத்த சந்தில் இரட்டை மாடி வீட்டு நாய் என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அதற்கும் வயதாகிவிட்டது. பச்சைக் கேட் வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

உன் நண்பர்களிடம் சொல், படி ஏறினால் ஒரு படிக்கு அரைக் கதவு சேர்த்துக்கொள்ளலாம். என் வீடு மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி. ஏறி இறங்கினாலே எனக்கு ஐம்பத்து நான்கு கதவு லாபம்.

உட்கார்ந்தால் போச்சு, அக்கா. உட்கார்ந்தவன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். இதை எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 21

தம்பி,

உன் கடிதங்கள் இப்போது கூடத்து அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்தி நிற்கின்றன. எனக்கு அங்கே தனி மரியாதை. போஸ்ட்மேன் அக்கா என்றுதான் பெயர். முன்வரிசை நாற்காலி, விசிறிக்குக் கீழே. சர்வீஸில் இருந்த காலத்தில்கூட எனக்கு விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததில்லை.

உன் படிக் கணக்கு தையல்காரரைப் பிடித்து ஆட்டுகிறது. தினமும் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் ஏறி இறங்குகிறார். நூற்று எண்பது வரை வந்துவிட்டார். "உங்க தம்பிய முந்திக் காட்டுறேன்" என்கிறார். அவர் சிரித்துப் பார்த்தது இப்போதுதான்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் கூடத்தின் ஆண்டு விழா. உன்னைப் பேச அழைக்க ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். முதுமையிலும் சுறுசுறுப்பாக இருப்பது எப்படி என்று அரைமணி நேரம் பேசினால் போதும். பதினோரு மணி நேர ரயில். கீழ் பெர்த் கிடைக்கும். நீ வந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தெரு முனை வரை நடக்கலாம். என்ன சொல்கிறாய்?

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

அழைப்புக்கு மிகவும் நன்றி. ஆனால் வர இயலாது. இங்கே தண்ணீர்க் குழாய் வேலை நடக்கிறது, வீட்டில் ஆள் இருந்தாக வேண்டும். தவிர, எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. ரயிலிலும் கூட்டம் அதிகம்.

பலகையில் இருக்கிற கடிதங்களை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும். ஏதோ உனக்காக எழுதியது. தையல்காரரையும் படியில் அவ்வளவு ஏறவேண்டாம் என்று சொல்லு.

இன்று மழை, அதனால் நடை இல்லை.

தம்பி

ஏப்ரல் 12

தம்பி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

தையல்காரர் விழுந்துவிட்டார். ஐந்தாம் தேதி, இருநூற்றுப் பன்னிரண்டாவது படியில். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கத்தரி பிடிக்கிற கை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, "உங்க தம்பி இந்த வயசுலயும் ஏறுறாரு, எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என்னைத் தேற்றினார், அதுதான் தாங்கவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும், தம்பி. முதல் கடிதத்திலிருந்தே தெரியும்.

உன் அக்கா எங்கே வேலை பார்த்தாள் என்பதையே மறந்துவிட்டாயா? கடிதம் வந்தால் நீ முகவரியைப் பார்ப்பாய். நான் முத்திரையைப் பார்ப்பேன். தலைமைத் தபால் நிலையத்தில் என் கையாலேயே போடுகிறேன் என்று உள்ளே எழுதியிருக்கிறாய். வெளியே வட்டமாகக் குத்தியிருப்பது பெரிய ஆஸ்பத்திரி வளாகத் தபால் நிலையத்தின் முத்திரை. அது ஊருக்கு வடக்குக் கோடி. உன் பீட்டும் இல்லை, பாலமும் இல்லை. எல்லாக் கடிதத்திலும் அதே முத்திரைதான். ஒன்றில்கூட மாறவில்லை.

நீ நடக்கவில்லை என்பது புரிந்தது. அதைவிட, நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாயோ என்றும் தோன்றியது. தோன்றியும் கேட்கவில்லை. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. கூடப்பிறந்தவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறானோ என்று நினைத்துக்கொண்டே அந்தக் கடிதத்தை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, இருநூற்று அறுபது கதவுகள் என்று படித்தேன். உறையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், சொன்னால் கடிதம் நின்றுவிடும், நின்றால் விசிறிக்குக் கீழ் நாற்காலி போய்விடும். அவ்வளவு அற்பமான காரணம். ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டதுகூட நீ வரமாட்டாய் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். அழைத்த பெருமை எனக்கு, வராத பழி உனக்கு.

நீ பொய் சொன்னது என்னை எழுப்பிவிட. நான் அதைப் படித்தது என் பவிசுக்கு. இரண்டும் ஒன்றில்லை.

இப்போது கேட்கிறேன், இரண்டு மாதம் தாமதமாக. உனக்கு என்னடா?

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

முத்திரை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு உறையிலாவது நான் அதைப் பார்த்திருப்பேனா? பேர், கதவு எண், தெரு. அதற்குமேல் எனக்கு வேண்டியிருந்ததில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இல்லை. எதிர்வீட்டில் இருக்கிற நர்ஸ் பெண் அங்கே வேலை பார்க்கிறாள். அவளிடம்தான் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். டியூட்டிக்குப் போகும்போது அங்கேயே போட்டுவிடுகிறாள். இதையும் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். நவம்பர் ஒன்பதாம் தேதியிலிருந்து நான் இந்தப் படிகளில் இறங்கவில்லை. மளிகை, மருந்து எல்லாம் கதவுக்கே வந்துவிடுகிறது. குப்பையை நர்ஸ் எடுத்துப்போகிறாள். முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

சொல்ல வாய் வரவில்லை, எழுதத்தான் வரும் போலிருக்கிறது. அன்று பீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதுவரை தினமும் போனது நிஜம், அதையாவது நம்பு. பச்சைக் கேட் வீட்டு அம்மா வாசலைக் கழுவிவிட்டு நின்றிருந்தார். "நில்லுங்க, தண்ணி கொண்டாரேன், வேர்த்துக் கொட்டுது" என்று உள்ளே போனார். கொஞ்ச நாளாகவே எனக்கு அடக்க முடிவதில்லை. அன்று நின்ற இடத்திலேயே போய்விட்டது. வெளிர் நிறப் பேண்ட். அவர் கழுவிய படியில், என் காலடியில், குட்டையாக. எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் நாலு பேர்.

அந்த அம்மா டம்ளரோடு வந்தார், பார்த்தார். ஒரு நொடிதான். டம்ளர் தண்ணீரை அப்படியே என் பேண்டின் மேல் சாய்த்துவிட்டு, கடைக்காரர்களுக்குக் கேட்கிறமாதிரி, "அய்யய்யோ, கை தவறிடுச்சு! மன்னிச்சுக்கங்க போஸ்ட்மேன், நனைச்சுப்புட்டேனே!" என்றார்.

முப்பத்து நான்கு வருடம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். மகனுக்கு வேலை கிடைத்த கடிதம் நான் கொடுத்தது. அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? திட்டியிருந்தால்கூட மறுநாள் போயிருப்பேன். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவந்தேன். ஐம்பத்து நான்கு படியையும் ஒரே மூச்சில் ஏறினேன், கதவைச் சாத்தினேன்.

உன் மகன் போன் செய்தபோது நான் மூன்று மாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதையெல்லாம் உனக்கு எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போவேன், அக்கா. கண்ணாடிக்கடை, நாய், பாலம். பச்சைக் கேட் வந்ததும் அடுத்த கதவுக்குத் தாவிவிடுவேன். கடிதத்தில் மட்டும் அவரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தேன்.

தையல்காரருக்கு என் வாயால்தான் கை போயிற்று. ஒரு படிக்கு அரைக் கதவு என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும்.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

முதலில் வேலை. டயப்பர் என்று ஒன்று கடையில் விற்கிறது, பெரியவர்களுக்கு. டிசம்பரிலிருந்து நான் அதில்தான் இருக்கிறேன். கூடத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்ததும் அதைப் போட்டுக்கொண்டுதான். மருமகள் முதல் தடவை வாங்கி வந்தபோது ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் என்று உன்னிடம் சொன்னார்களே, இடுப்பு வலியால் என்றா நினைத்தாய்? ஒரே வயிற்றில் பிறந்து ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு ஊரில் கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறோம். மீடியம் வாங்காதே. உன் இடுப்புக்கு லார்ஜ்தான் சரி.

இரண்டாவது, எதிர்வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு அவளிடம் ஐந்து மாதமாகக் கடிதமும் குப்பையும் கொடுத்திருக்கிறாய், வியாதியை மட்டும் கொடுக்கவில்லை. உன்னைப்போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை. இதற்கு மாத்திரை இருக்கலாம், வைத்தியம் இருக்கலாம். இன்றே கேள்.

மூன்றாவது, சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும், நின்றபடி. பச்சைக் கேட் விஷயம் மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது. நீ நடக்கவில்லை என்றும், அது எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றும் சொன்னேன். விசிறிச் சத்தம்கூட எனக்குக் கேட்டது, இந்தக் காதுக்கு. நானே போய்ப் பலகையிலிருந்து கடிதங்களை எடுத்தேன். குண்டூசி கழற்றத் தெரியாமல் விரலில் குத்திக்கொண்டேன்.

தையல்காரர் என்னோடு பேசுவதில்லை. மாவுக்கட்டோடு வருகிறார், கடைசி வரிசையில் உட்கார்கிறார், நான் வணக்கம் சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறார். அவர் அப்படி இருப்பதுதான் நியாயம். பதினோரு பேரில் இப்போது ஏழு பேர் வருகிறோம். நானும் போகிறேன். போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது, அதனால்தான் போகிறேன். ஓரத்து நாற்காலி, காற்று வராது.

உனக்கு உபதேசம் எதுவும் சொல்லமாட்டேன். கதவுக் கணக்கும் வேண்டாம். நீ படியிறங்கினாலும் இறங்காவிட்டாலும் எனக்கு எழுது. நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று எழுது. அந்தக் கடிதம் எனக்குப் போதும்.

அக்கா

மே 17

அக்காவுக்கு,

உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பிரித்திருப்பாய். தெரியும்.

தலைமைத் தபால் நிலையத்தில், ஜனங்கள் எழுதுவதற்காகப் போட்டிருக்கிற உயர மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பசை டப்பா வழக்கம்போலக் காய்ந்து கிடக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள், கயிறு கட்டையாக இருப்பதால் கையெழுத்து இப்படி.

நர்ஸிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவள், "இதுக்காய்யா அஞ்சு மாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னாள். படியிறங்கப் பயந்து பத்து நாள் சாக்கு சொன்னேன். அப்புறம் போனோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பரவாயில்லை, முழுக்க இல்லை. லார்ஜ் சரியாக இருக்கிறது.

தையல்காரருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுத்தான். பதில் வராது என்று தெரிந்தே எழுதினேன். அதையும் இங்கேயே போடுகிறேன்.

இன்று காலை தனியாக இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தேன். பையை எடுத்துவரவில்லை, அது ஏனோ வெட்கமாக இருந்தது. பச்சைக் கேட்டைத் தாண்டித்தான் பாலத்துக்கு வர வேண்டும். எதிர்ப்பக்கமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடந்துவிட்டேன். பத்து கதவு தள்ளி வந்தபிறகு நின்றேன். உன்னை நினைத்தேன், விரலில் குண்டூசி குத்திக்கொண்டு பலகை முன்னால் நிற்கிற உன்னை. திரும்பி நடந்தேன்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். "தபால் ஏதும் இருக்கா?" என்றார், நேற்றுதான் பார்த்தவர் மாதிரி. "தபால் இல்லம்மா. தண்ணி வேணும்" என்றேன். உள்ளே போய் எடுத்துவந்தார். டம்ளரில் பாதிதான் இருந்தது. என்னை யோசித்துத்தான் பாதி ஊற்றியிருக்கிறார் என்று புரிந்தது. கண் கலங்கிவிட்டது, அக்கா. கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"முழுசாக் குடுங்கம்மா" என்றேன். நிறைத்துக் கொடுத்தார். அவர் வாசலிலேயே நின்று குடித்து முடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அன்னைக்கு உங்க கை ஒண்ணும் தவறலம்மா" என்றேன். அவர் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டு, "எந்த அன்னைக்கு?" என்றார்.

பாலத்தில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். காற்றெல்லாம் இல்லை, ஒரே புழுக்கம். மொத்தம் நாற்பத்தொரு கதவு. திரும்பிப் போய் வந்த பத்தைச் சேர்க்கவில்லை. பாதி வழியில் ஒரு தடவை போய்விட்டது. யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இதை ஒட்டிக் கவுண்டரில் கொடுக்கப்போகிறேன். அங்கே இருக்கிற பெண்ணிடம் முத்திரையை நன்றாக அழுத்திக் குத்தச் சொல்வேன். வாங்குகிறவர் படிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார் என்றும் சொல்வேன்.

தம்பி